ஆல்பிரட் பினே

ஆல்பிரட் பினே (ஜூலை 8, 1857 - அக்டோபர் 18, 1911) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த உளவியலாளர் ஆவார். பள்ளிப் பாடங்களில் பின்தங்கும் மாணவர்களுள் சிறப்பு உதவி தேவைப்படுவோரைக் கண்டறிவதற்கு, மருத்துவரான தியோடர் சைமன் என்பவருடன் இணைந்து 1905-ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட அளவுகோல், இன்று வழக்கிலுள்ள நுண்ணறிவுச் சோதனைகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. இது பினே-சைமன் அளவுகோல் என அழைக்கப்படுகிறது. குழந்தை உளவியல், நினைவாற்றல், கருத்தேற்றம், தனியாள் வேறுபாடுகள் ஆகிய துறைகளிலும் இவர் ஆய்வுகள் செய்துள்ளார்.

பினேயின் பெயர் பெரும்பாலும் நுண்ணறிவு ஈவு என்னும் எண்ணுடன் சேர்த்தே பேசப்படுகிறது. ஆயினும் அந்த எண்ணை உருவாக்கியவர் இவரல்லர். ஒரு குழந்தையின் அறிவுத்திறன் பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டுவிடுகிறது என்னும் கருத்தையும் இவர் ஏற்கவில்லை. பள்ளியிலிருந்து விலக்கப்படும் நிலையிலிருந்த குழந்தைகளுக்கு ஏற்ற கல்வி கிடைக்கச் செய்வதே இவரது அளவுகோலின் நோக்கமாக இருந்தது. இவரது மறைவுக்குப் பின் அதே அளவுகோல் வேறு நோக்கங்களுக்கும் பயன்படுத்தப்பட்டது.

பிறப்பும் இளமையும்

பினே 1857-ஆம் ஆண்டு நீஸ் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அந்நகரம் சார்தீனிய அரசின் ஆட்சியில் இருந்தது. 1860-இல் பிரான்சுடன் இணைக்கப்பட்டது. இவரது தந்தை மருத்துவர். தாய் ஓவியம் தீட்டுவதில் ஈடுபாடு கொண்டவர். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையால் பினே தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். பள்ளிக் கல்வியைத் தொடர்வதற்காகத் தாயுடன் பாரிஸ் சென்று, அங்கு புகழ்பெற்ற லூயி லெ கிராண்ட் பள்ளியில் பயின்றார்.

பின்னர்ச் சட்டம் பயின்று 1878-இல் பட்டம் பெற்றார். ஆனால் வழக்கறிஞர் தொழிலில் இவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. மருத்துவக் கல்வியைத் தொடங்கி அதனையும் இடையில் கைவிட்டார். இக்காலத்தில் பாரிசில் உள்ள தேசிய நூலகத்தில் உளவியல் நூல்களைத் தாமாகவே படிக்கத் தொடங்கினார். ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், பிரெஞ்சு அறிஞர்கள் தேன், ரிபோ ஆகியோரின் எழுத்துகள் இவரைக் கவர்ந்தன. உளவியலில் முறையான பல்கலைக்கழகக் கல்வி எதனையும் பெறாமலேயே இவர் அத்துறைக்குள் நுழைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1884-ஆம் ஆண்டில் கருவியல் அறிஞர் எத்வார் ஜெரார் பல்பியானியின் மகளான லோர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மதலேன், அலிஸ் என இரு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

சால்பெத்ரியேர் மருத்துவமனையில்

1880-களில் பினே பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஆய்வு செய்யத் தொடங்கினார். அங்கு உலகப் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரான ஜான் மார்ட்டின் சார்க்கோ பணியாற்றி வந்தார். அறிதுயில் நிலை என்பது இசிவு நோயாளிகளிடம் மட்டுமே காணப்படும் ஓர் உடலியல் நிலை என்பது சார்க்கோவின் கருத்து. பினேயும் அவருடன் பணியாற்றிய சார்ல் ஃபெரேயும் இக்கருத்தின் அடிப்படையில் சோதனைகள் செய்தனர். அறிதுயிலில் உள்ள நோயாளியின் உடலருகே காந்தத்தை நகர்த்தினால் உடலின் ஒரு பக்கத்தில் இருந்த அறிகுறிகள் மறுபக்கத்திற்கு மாறுவதாக இவர்கள் அறிவித்தனர்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த அறிஞர் டெல்பூஃப் இச்சோதனைகளை நேரில் பார்வையிட்டார். நோயாளியின் முன்னிலையிலேயே ஆய்வாளர்கள் தாம் எதிர்பார்க்கும் விளைவைப் பற்றிப் பேசிக்கொள்வதையும், காந்தம் மறைக்கப்படாமல் இருப்பதையும் அவர் கண்டார். நோயாளிகள் ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பை அறிந்து அதன்படி நடந்துகொண்டனர் என்பது அவரது குற்றச்சாட்டு. நான்சி நகரத்து மருத்துவர்களும் இதனையே வலியுறுத்தினர். தொடக்கத்தில் பினே இதனைக் கடுமையாக மறுத்தார். பின்னர்த் தம் முடிவுகள் தவறு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 1890-ஆம் ஆண்டளவில் அம்மருத்துவமனையை விட்டு விலகினார்.

இந்நிகழ்வு பினேயின் பிற்கால ஆய்வு முறையைப் பெரிதும் பாதித்தது எனலாம். ஆய்வாளரின் எதிர்பார்ப்பு ஆய்வின் முடிவை மாற்றிவிடக்கூடும் என்னும் எச்சரிக்கை இவரது பிந்தைய எழுத்துகள் பலவற்றில் காணப்படுகிறது. ஆசிரியர் ஒருவர் மாணவரிடம் கேள்வி கேட்கும் முறையே விடையைத் தீர்மானித்துவிடலாம் என்பதைப் பள்ளிக் குழந்தைகளிடம் சோதித்து, 1900-இல் கருத்தேற்றம் பற்றிய நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

மகள்களைப் பற்றிய ஆய்வுகள்

மருத்துவமனையை விட்டு விலகிய காலத்தில் பினே தம் இரு மகள்களையும் உற்றுநோக்கி எளிய சோதனைகளைச் செய்தார். நாணயங்களின் இரு குவியல்களில் எது பெரியது, இரு கோடுகளில் எது நீளமானது, ஒரு பொருளின் பயன் யாது என்பன போன்ற கேள்விகள் அவற்றில் இடம்பெற்றன. இவற்றின் முடிவுகளை 1890-இல் கட்டுரைகளாக வெளியிட்டார்.

ஒரே வீட்டில் வளர்ந்தும் இரு குழந்தைகளும் வேறுபட்ட முறையில் சிந்திப்பதை இவர் கண்டார். மூத்தவள் அமைதியும் கவனமும் உடையவள். இளையவள் துடிப்பும் கற்பனையும் மிக்கவள். நடக்கப் பழகும்போதுகூட மூத்தவள் அருகில் பிடிமானம் இருப்பதை உறுதிசெய்துகொண்ட பின்னரே அடியெடுத்து வைத்தாள். இளையவளோ தயங்காமல் அறையின் நடுவே சென்றாள். 1903-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இவ்விருவரையும் மார்கரித், அர்மாந்து என்னும் மாற்றுப் பெயர்களில் குறிப்பிட்டு விரிவாக எழுதினார்.

மற்றொரு செய்தியும் இவ்வாய்வுகளில் வெளிப்பட்டது. எளிய புலனுணர்வுச் சோதனைகளில் சிறு குழந்தைகள் சில வேளைகளில் வளர்ந்தோருக்கு இணையாகச் செயல்பட்டனர். சொல்லின் பொருளை விளக்குதல், சீர்தூக்கிப் பார்த்தல் போன்றவற்றிலேயே வயதுக்கேற்ற வேறுபாடு தெளிவாகப் புலப்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டனும் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேட்டலும் புலன்களின் கூர்மை, செயல்வேகம் போன்றவற்றை அளந்து அறிவுத்திறனை அறிய முயன்று வந்தனர். பினே அவ்வழியை விட்டு விலகிச் சென்றமைக்கு இவ்வாய்வுகளும் ஒரு காரணமாகும்.

சோர்போன் ஆய்வகம்

1891-இல் பினே சோர்போனில் இயங்கிய உடலியல் உளவியல் ஆய்வகத்தில் ஊதியமின்றிப் பணியில் சேர்ந்தார். அதன் இயக்குநரான ஆன்றி பூனிசுக்குப் பின் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றுத் தம் இறுதிக்காலம் வரை அப்பதவியில் இருந்தார். 1894-இல் பூச்சிகளின் நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், பெரும் எண்களை மனத்திலேயே கணக்கிடுவோரையும், பலகையைப் பார்க்காமலேயே சதுரங்கம் ஆடுவோரையும் ஆராய்ந்து நூல் ஒன்றை வெளியிட்டார்.

உளவியலுக்கெனத் தொடங்கப்பட்ட முதல் பிரெஞ்சு இதழான உளவியல் ஆண்டிதழை நிறுவியோரில் இவர் முதன்மையானவர். இவ்விதழின் முதல் தொகுதி 1895-இல் வெளிவந்தது. 1896-இல் விக்தர் ஆன்றி என்பவருடன் இணைந்து எழுதிய கட்டுரையில், மனிதரிடையே காணப்படும் வேறுபாடுகளை அறிய நினைவு, கற்பனை, கவனம், புரிந்துகொள்ளும் திறன் போன்ற உயர்நிலைச் செயல்களையே ஆராய வேண்டும் என இருவரும் வாதிட்டனர்.

இத்தனை பணிகள் செய்தும் பிரான்சின் பல்கலைக்கழகம் எதிலும் பினேக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. கொலேஜ் து பிரான்சில் இவர் நாடிய பதவி 1902-இல் பியேர் ஜானே என்பவருக்குச் சென்றது. இதனால் தமக்கெனப் பயிற்சி பெற்ற மாணவர் பரம்பரை ஒன்றை இவரால் உருவாக்க இயலவில்லை. இவரது அளவுகோல் பிற நாட்டவரின் கைகளில் வேறு வடிவம் பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

தலையின் அளவும் அறிவும்

மண்டையோட்டின் அளவைக் கொண்டு ஒருவரின் அறிவைக் கணிக்கலாம் என்னும் நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் வலுவாக இருந்தது. பினேயும் முதலில் இதனை ஏற்றுக்கொண்டு, பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களின் தலைகளை அளந்தார். ஆசிரியர்கள் அறிவிற் சிறந்தவர் எனக் கூறிய மாணவர்களுக்கும் பின்தங்கியவர் எனக் கூறிய மாணவர்களுக்கும் இடையே கிடைத்த வேறுபாடு மிகவும் சிறியதாக இருந்தது. ஒரே தலையைத் தாமும் சைமனும் அளந்தபோது அளவுகள் மாறுபடுவதையும் இவர் கண்டார்.

மேலும், பின்தங்கிய மாணவர் என முன்னரே அறிந்த ஒருவரை அளக்கும்போது தம் கை தம்மை அறியாமலேயே அளவைக் குறைத்துவிடுகிறதோ என்னும் ஐயம் இவருக்கு எழுந்தது. சால்பெத்ரியேரில் பெற்ற பட்டறிவு இங்கு உதவியது. எனவே தலையளவை நம்பி எந்த ஒரு குழந்தையைப் பற்றியும் முடிவு செய்ய இயலாது எனக் கருதி அம்முறையைக் கைவிட்டார்.

தியோடர் சைமன் அப்போது பெரே வோக்ளூஸ் என்னுமிடத்தில், அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய சிறுவர்களுக்கான குடியிருப்பில் மருத்துவராக இருந்தார். 1899-இல் தொடங்கிய இவ்விருவரின் கூட்டுப்பணி பினேயின் மறைவு வரை நீடித்தது.

கட்டாயக் கல்வியும் பின்தங்கிய மாணவர்களும்

பிரான்சில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 13 வயது வரையுள்ள அனைத்துக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் பள்ளிக்கே வராமல் இருந்த பல குழந்தைகள் வகுப்பறைக்கு வந்தனர். மாணவர் நிறைந்த அவ்வகுப்புகளில் பாடத்தைப் பின்தொடர இயலாத குழந்தைகளும் இருந்தனர். இவர்களை என்ன செய்வது என்னும் கேள்வி எழுந்தது.

மனநல மருத்துவர்கள் சிலர் இதனை மருத்துவச் சிக்கலாகப் பார்த்தனர். இக்குழந்தைகளை மனநலக் காப்பகங்களில் சேர்ப்பதும் தீர்வாக முன்வைக்கப்பட்டது. பினே தலைமையேற்றிருந்த குழந்தை உளவியல் ஆய்வுச் சங்கம் இதற்கு மாறான நிலைப்பாட்டை எடுத்தது. பள்ளி ஆசிரியர்கள் பலரை உறுப்பினராகக் கொண்ட இச்சங்கம், இக்குழந்தைகளுக்குப் பள்ளிகளிலேயே சிறப்பு வகுப்புகள் அமைக்க வேண்டும் என அரசை வலியுறுத்தியது.

1904-ஆம் ஆண்டில் பிரான்சின் கல்வி அமைச்சு இதனை ஆராய லெயோன் பூர்ஷ்வா தலைமையில் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. பினே அதன் உறுப்பினராக இருந்தார். குழந்தை ஒன்றை உரிய சோதனையின்றிப் பொதுப்பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்பது அங்கு ஏற்கப்பட்டது. ஆனால் அச்சோதனை எவ்வாறு அமைய வேண்டும் என்பது தெளிவாக்கப்படவில்லை.

அக்காலத்து மருத்துவர்கள் அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை மூன்று நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தனர். இப்பெயர்கள் பின்னாளில் வசைச்சொற்களாகிவிட்டமையால் இன்று கைவிடப்பட்டுள்ளன. ஒரே குழந்தைக்கு ஒரு மருத்துவர் ஒரு பெயரையும் மற்றொருவர் வேறு பெயரையும் சான்றிதழில் எழுதுவது வழக்கமாக இருந்ததைப் பினேயும் சைமனும் சுட்டிக்காட்டினர். பள்ளிகளிலும் இத்தகைய சிக்கல் இருந்தது. தொல்லை தரும் மாணவனை வகுப்பிலிருந்து அகற்றிவிட ஆசிரியர் ஒருவர் விரும்பலாம். தம் குழந்தையின் குறையை மறைக்கவோ, மிகைப்படுத்தவோ பெற்றோர் முயலலாம். தவறான ஒரு தீர்ப்பு குழந்தையின் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதால், தனிப்பட்ட விருப்பு வெறுப்புகளுக்கு இடமளிக்காத ஓர் அளவுமுறை வேண்டும் என இருவரும் கருதினர்.

1905-ஆம் ஆண்டு அளவுகோல்

பினேயும் சைமனும் தம் அளவுகோலை 1905-இல் உளவியல் ஆண்டிதழில் வெளியிட்டனர். எளிதானவற்றில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் 30 சோதனைகள் இதில் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்களால் பின்தொடர்தல் முதல் சோதனையாகும். உணவுப் பொருளையும் அதனைப் போன்ற மரத்துண்டையும் வேறுபடுத்தி அறிதல், படத்தில் உள்ள பொருள்களைச் சுட்டுதல், மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிக் கூறுதல், எடைகளை ஒப்பிடுதல், கொடுக்கப்பட்ட சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைத்தல் போன்றவை இடையில் வந்தன. கருத்துச் சொற்களுக்கு இடையேயான வேறுபாட்டை விளக்குதல் இறுதிச் சோதனையாக அமைந்தது.

இச்சோதனைகள் பள்ளிப் பாடங்களை அடிப்படையாகக் கொண்டவை அல்ல. பள்ளிக்கு ஒழுங்காக வராத குழந்தையும், தகுந்த கற்பித்தல் கிடைக்காத குழந்தையும் பாடத்தில் பின்தங்கியிருக்கலாம். அதனைக் கொண்டு அறிவுத்திறனில் குறை உள்ளதாக எண்ணிவிடக் கூடாது என்பதே இதன் காரணம். ஆகவே எழுதவும் படிக்கவும் தேவையில்லாத வகையில் பெரும்பாலான சோதனைகள் அமைக்கப்பட்டன. சிக்கல் ஒன்றைப் புரிந்துகொண்டு சரியாக முடிவெடுக்கும் திறனே அறிவின் அடிப்படை எனப் பினே கருதினார்.

சோதனை நடத்தும் முறை பற்றியும் விரிவான விதிகள் வகுக்கப்பட்டன. அமைதியான அறையில், குழந்தையைத் தனியே வைத்து, அன்புடன் பேசிச் சோதிக்க வேண்டும். தவறான விடைக்காகக் கடிந்துகொள்ளவோ, சரியான விடையைக் குறிப்பால் உணர்த்தவோ கூடாது. இவ்விதிகள் பலவும் இன்றைய உளவியல் சோதனைகளிலும் பின்பற்றப்படுகின்றன.

குறை பிறவியிலேயே வந்ததா, பின்னர் ஏற்பட்டதா, அது நீங்குமா நீங்காதா என்னும் கேள்விகளுக்குத் தம் அளவுகோல் விடையளிக்காது என்பதை இவர்கள் அக்கட்டுரைகளிலேயே தெளிவாக்கினர். சோதனை நடைபெறும் நாளில் குழந்தையின் நிலை யாது என்பதை மட்டுமே அது காட்டும். நீளத்தை அளப்பது போன்ற துல்லியமான அளவீடாக இதனைக் கருதக் கூடாது என்றும், மருத்துவச் சோதனையும் பள்ளிப் பாட அறிவு பற்றிய சோதனையும் இதனுடன் சேர்ந்தே பயன்பட வேண்டும் என்றும் விளக்கினர்.

1908, 1911 திருத்தங்கள்

முதல் அளவுகோல் சுமார் 50 குழந்தைகளைச் சோதித்து அமைக்கப்பட்டது. 1908-இல் வெளியான திருத்தப்பட்ட பதிப்பில், சோதனைகள் 3 வயது முதல் 13 வயது வரை வயது வாரியாகப் பிரிக்கப்பட்டன. சான்றாக, மூக்கு, கண், வாய் ஆகியவற்றைத் தொட்டுக் காட்டுதல் 3 வயதுக்கு உரியது. சதுரம் ஒன்றைப் பார்த்து வரைதல் 5 வயதுக்கு உரியது. ஒரு வயதுப் பிரிவைச் சேர்ந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் செய்யக்கூடிய சோதனைகளே அவ்வயதுக்கு உரியனவாகக் கொள்ளப்பட்டன.

ஒரு குழந்தை எந்த வயதுக்குரிய சோதனைகள் வரை வெற்றிகரமாகச் செய்கிறதோ அதுவே அதன் மன மட்டம் எனப்பட்டது. இக்கருத்தே பின்னர் மன வயது எனப் பரவலாக வழங்கலாயிற்று. மட்டம் என்னும் சொல் உயரவும் தாழவும் கூடிய ஒன்றைக் குறிக்கும் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

பிரசல்சு நகரில் டெக்ரோலி, டெகாண் ஆகிய இருவரும் இவ்வளவுகோலைப் பயன்படுத்தியபோது, வசதி படைத்த குடும்பக் குழந்தைகள் தம் வயதுக்கு மேற்பட்ட சோதனைகளையும் எளிதில் செய்தனர். இதனை ஆராய்ந்த பினே, குடும்பச் சூழலும் மொழிப் பயிற்சியும் சோதனை முடிவைப் பாதிக்கின்றன என்பதை 1911-இல் எழுதிய கட்டுரையில் ஏற்றுக்கொண்டார். பள்ளிக் கல்வியை மிகுதியும் சார்ந்திருந்த சில சோதனைகள் அவ்வாண்டு வெளியான மூன்றாம் பதிப்பில் நீக்கப்பட்டன.

பள்ளியில் அமைந்த ஆய்வகம்

1905-இல் பாரிசின் கிராஞ் ஓ பெல் தெருவில் உள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் பினே கல்வியியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதியில் அமைந்த இப்பள்ளியின் தலைமையாசிரியரான விக்தர் வனே என்பவர் இவருக்குத் துணைநின்றார். ஒவ்வொரு வயதிலும் மாணவர் கணக்கு, வாசிப்பு, எழுத்து ஆகியவற்றில் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டும் அட்டவணையை வனே உருவாக்கினார். இதனைக் கொண்டு, ஒரு மாணவர் எத்தனை ஆண்டுகள் பின்தங்கியுள்ளார் என்பதை ஆசிரியரே கணிக்க முடிந்தது. 9 வயதுக்குக் கீழ்ப்பட்ட மாணவர் 2 ஆண்டுகளும், அதற்கு மேற்பட்டவர் 3 ஆண்டுகளும் பின்தங்கியிருந்தால் அவரைத் தனியே கவனிக்க வேண்டும் என்பது பொது விதியாகக் கொள்ளப்பட்டது.

பார்வைக் குறைபாடு காரணமாகக் கரும்பலகையைப் படிக்க முடியாத மாணவரும் மந்தமானவர் எனத் தவறாக எண்ணப்படுவதைப் பினே கண்டார். மருத்துவர் வரும்வரை காத்திராமல் ஆசிரியரே மாணவரின் பார்வையைச் சோதிப்பதற்கு எளிய அட்டை ஒன்றும் இவ்வாய்வகத்தில் தயாரிக்கப்பட்டது. பின்தங்கிய மாணவர் பற்றி எந்த முடிவுக்கும் வருமுன் அவரது பார்வையையும் கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும் என்னும் நடைமுறை இன்றும் சிறப்புக் கல்வியின் முதற்படியாக உள்ளது.

சிறப்பு வகுப்புகளும் மனப்பயிற்சியும்

குழந்தைகளைக் கண்டறிவதோடு பணி முடிந்துவிடுவதாகப் பினே கருதவில்லை. 1907-இல் பாரிசில் சோதனை முறையில் சிறப்பு வகுப்புகள் தொடங்கப்பட்டன. அவ்வாண்டே பினேயும் சைமனும் இக்குழந்தைகளின் கல்வி பற்றிய நூல் ஒன்றை எழுதினர். சிறப்பு வகுப்புகளுக்கு அரசு செலவிடும் பணம் பயனளிக்கிறதா என்பதை ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும் என்றும், அங்கு கற்பிக்கப்படுபவை அம்மாணவர் பின்னாளில் பிழைப்பதற்கு உதவ வேண்டும் என்றும் அந்நூலில் வலியுறுத்தினர்.

இவ்வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தது. இங்கு பினே அறிமுகப்படுத்திய பயிற்சிகளுக்கு மனச் சீரமைப்பு எனப் பெயரிட்டார். வளைந்த முதுகை உடற்பயிற்சியால் நேராக்குவது போல, கவனம், நினைவு, மன உறுதி ஆகியவற்றையும் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்பது இவரது கருத்து. கற்பதற்கு முன்பு எவ்வாறு கற்பது என்பதைக் குழந்தை அறிந்துகொள்ள வேண்டும் என இவர் நம்பினார்.

இப்பயிற்சிகள் விளையாட்டு வடிவில் அமைந்தன. சிலையைப் போல அசையாமல் சிறிது நேரம் நிற்பது அவற்றுள் ஒன்று. 10 நொடிகளில் தாளில் எத்தனை புள்ளிகள் இட முடியும் என ஒவ்வொரு நாளும் முயன்று தம் முந்தைய எண்ணிக்கையை மிஞ்சுவது மற்றொன்று. அட்டை ஒன்றில் ஒட்டப்பட்ட பல பொருள்களைச் சில நொடிகள் மட்டும் காட்டி, பின்னர் அவற்றின் பெயர்களை நினைவிலிருந்து எழுதச் செய்வது இன்னொன்று. இவ்வகுப்பைப் பார்வையிட வந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் இக்கடைசிப் பயிற்சியைத் தாமும் செய்து பார்த்தபோது அம்மாணவர்களுக்கு ஈடுகொடுக்க இயலாமல் போனதைப் பினே தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

1909-இல் வெளியான, குழந்தைகளைப் பற்றிய புதிய கருத்துகளை விளக்கும் நூலில், அறிவு என்பது மாறாத அளவுடையது என்னும் கருத்தை இவர் வன்மையாக மறுத்தார். ஆசிரியர் ஒருவர் தம் மாணவனால் எதுவும் ஆகாது என நம்பிவிட்டால் அம்மாணவனுக்காக எந்த முயற்சியும் எடுக்கமாட்டார் என்பது இவரது கவலையாகும்.

1909-ஆம் ஆண்டுச் சட்டம்

1909 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் சிறப்பு வகுப்புகளுக்கான சட்டம் நிறைவேறியது. பொதுப்பள்ளிகளுடன் இணைந்த மேம்பாட்டு வகுப்புகளையும் தனிப் பள்ளிகளையும் தொடங்க இது வழிசெய்தது. குழந்தைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு கல்வி ஆய்வாளர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரைக் கொண்ட குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் இவ்வகுப்புகளைத் தொடங்குவது உள்ளூராட்சி மன்றங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டமையால், அடுத்த சில பத்தாண்டுகளில் மிகச் சில வகுப்புகளே உருவாயின. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே இவை பரவலாயின.

இறுதிக்காலம்

பினே நாடகங்களிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். ஆந்திரே து லோர்து என்னும் நாடக ஆசிரியருடன் சேர்ந்து மனநோயாளிகளின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட சில நாடகங்களை எழுதினார். அவை பாரிசில் மேடையேறின. மூன்றாம் பதிப்பு வெளியான அதே 1911-ஆம் ஆண்டில், அக்டோபர் 18 அன்று தமது 54-ஆம் அகவையில் பாரிசில் காலமானார். இவரது உடல் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவர் தலைமையேற்றிருந்த சங்கத்திற்குப் பின்னாளில் இவரது பெயரே சூட்டப்பட்டது.

அளவுகோலின் பிற்கால வரலாறு

பினே மறைந்த அடுத்த ஆண்டில், செருமானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை உண்மை வயதால் வகுத்து ஓர் ஈவைப் பெறலாம் என்றார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் 1916-இல் வெளியிட்ட ஸ்டான்போர்டு-பினே சோதனையில் இந்த ஈவை 100-ஆல் பெருக்கிப் பயன்படுத்தினார். இதுவே நுண்ணறிவு ஈவு என உலகெங்கும் பரவியது. இவ்வாறு ஒற்றை எண்ணாகச் சுருக்குவதை பினேயின் கூட்டாளியான சைமன் ஏற்கவில்லை. அது அளவுகோலின் நோக்கத்திற்கே மாறானது என அவர் கருதினார்.

அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய ஹென்றி கொடார்டு, பினேயின் அளவுகோலை மொழிபெயர்த்துப் பரப்பியவர் ஆவார். அறிவுக் குறைபாடு மரபுவழியாகவே வருகிறது என்றும், அத்தகையோர் பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளுக்கும் இச்சோதனை நடத்தப்பட்டது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை அனுமதித்த 1927-ஆம் ஆண்டு வழக்கில், பினே முறைச் சோதனையின் முடிவும் சான்றாகக் காட்டப்பட்டது. கல்வி உதவி பெற வேண்டியோரைக் கண்டறியத் தோன்றிய கருவி, மக்களைத் தரம் பிரித்து ஒதுக்கவும் பயன்பட்டது. கொடார்டும் டெர்மனும் தம் முந்தைய கருத்துகள் சிலவற்றைப் பின்னாளில் மாற்றிக்கொண்டனர்.

வேறு வகையிலும் இவ்வளவுகோல் பயன் தந்தது. 1920-ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் பினேயின் பழைய பள்ளி ஆய்வகத்தில் சோதனைகள் நடத்திய இளைஞர் ஜான் பியாஜே, குழந்தைகள் தரும் தவறான விடைகளிலும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டார். அறிதிறன் வளர்ச்சி பற்றிய அவரது புகழ்பெற்ற கோட்பாட்டின் தொடக்கம் இதுவாகும்.

1975-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் அனைவருக்கும் கல்வியை உறுதி செய்ததுடன், ஒரே ஒரு சோதனையைக் கொண்டு எந்தக் குழந்தையின் கல்வியையும் முடிவு செய்யக் கூடாது எனவும் விதித்தது. 1979-இல் கலிபோர்னியாவில் நடைபெற்ற வழக்கு ஒன்றில், கறுப்பின மாணவர்களைச் சிறப்பு வகுப்புகளுக்கு அனுப்ப நுண்ணறிவு ஈவுச் சோதனைகளைப் பயன்படுத்தியது தவறு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல வழிகளில் சோதித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்னும் பினேயின் எச்சரிக்கை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு சட்டமாயிற்று.

இந்தியாவில்

இந்தியச் சூழலுக்கு ஏற்ப பினே அளவுகோலைத் தழுவி அமைக்கும் முயற்சி 1920-களில் தொடங்கியது. லாகூரில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ் இந்துஸ்தானி மொழியில் ஒரு வடிவத்தை உருவாக்கினார். வி. வி. காமத் கன்னடம், மராத்தி ஆகிய மொழிகளில் சோதனைகளை அமைத்து, இந்தியக் குழந்தைகளின் நுண்ணறிவை அளப்பது பற்றிய நூலை 1940-இல் வெளியிட்டார். பினே-காமத் சோதனை எனப்படும் இதன் வடிவங்கள், அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை மதிப்பிடுவதற்கு இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வருகின்றன.

மதிப்பீடு

பினேயின் கருத்துகள் அனைத்தும் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. இவர் தனி வகுப்புகளை ஆதரித்தார். 1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் கூடிய யுனெஸ்கோ மாநாடு, இயன்றவரை எல்லாக் குழந்தைகளையும் பொதுப்பள்ளியிலேயே ஒன்றாகக் கற்பிக்க வேண்டும் என அறிவித்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உள்ளடங்கிய கல்வியை வலியுறுத்துகிறது. சோதனை வழியாக அறிவுத்திறனை அளப்பதன் எல்லைகள் குறித்து உளவியலாளரிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன.

ஆயினும், பின்தங்கிய குழந்தையைக் குறை கூறுவதற்கு முன் அதன் பார்வை, கேட்கும் திறன், வருகை, குடும்பச் சூழல், கற்பிக்கப்பட்ட முறை ஆகியவற்றை ஆராய வேண்டும் என்பதும், சோதனையின் முடிவில் குழந்தைக்கு உதவி கிடைக்க வேண்டும் என்பதும் பினே வகுத்துச் சென்ற நெறிகளாகும். இன்றைய சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் பள்ளி உளவியலாளர்களும் இந்நெறிகளையே அடிப்படையாகக் கொண்டு செயல்படுகின்றனர்.